வெர்னியரிலிருந்து தொடங்குங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், இரண்டு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் ஓசூரில் ஒரு சிறிய டூல் ரூமில் டிசைனராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். எங்கள் பட்டறையில் எல்லாரையும் சேர்த்தால் நாற்பது பேர் இருப்போம். வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுப்பவர்களுக்குத் தேவையான செக்கிங் ஃபிக்சர், வெல்டிங் ஃபிக்சர் (அளவு சரிபார்க்கவும் வெல்டிங் செய்யவும் பாகத்தைப் பிடித்து வைக்கும் சாதனங்கள்), சின்ன பிரஸ் டூல் (தகட்டை அழுத்தி வெட்டும், வளைக்கும் அச்சு), இவைதான் எங்கள் வேலை. டிசைன் பிரிவுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நேர்காணல் வைப்போம். வருகிறவர்களில் பாதிப் பேர் நம் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகள். அரூர், பென்னாகரம், காரிமங்கலம், ஊத்தங்கரை, பர்கூர், தேன்கனிக்கோட்டை என்று ஊர் பெயரைச் சொல்லும்போதே எனக்கு மனசு இளகிவிடும். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பாரம் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அரூர் பக்கம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம். விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். கோப்பில் டிசைன் வேலைக்கான ஐந்து சாஃப்ட்வேருக்குச் சான்றிதழ் இருந்தது. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, கிரியோ, அன்சிஸ். எல்லாம் சேர்த்து மூன்று மாதப் படிப்பு.

நான் மேசைமேல் ஒரு பிராக்கெட்டை வைத்தேன். 3 எம்எம் தகட்டை எல் மாதிரி வளைத்தது. வெளிப்புற அளவில் ஒரு கால் 60 எம்எம், இன்னொரு கால் 40. நீளக் காலில் 9 எம்எம்மில் இரண்டு துளை, குட்டைக் காலில் ஒரு ஸ்லாட் (நீள்வாக்கான துளை). பக்கத்தில் ஒரு வெர்னியரையும் (தாடைகளுக்கு நடுவில் வைத்து நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்து, “இதை அளந்து, மாடல் பண்ணி, டிராயிங் போட்டுக் கொடுங்க தம்பி. அவசரமில்லை, ஒரு மணி நேரம் எடுத்துக்குங்க” என்றேன்.

கணினியில் அவன் கை நன்றாக ஓடியது. எந்த ஐகான் எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை. ஆனால் வெர்னியரை எடுத்ததும் கை நின்றுவிட்டது. தாடையை இரண்டு துளைக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் வைத்து அளந்து, வந்த 21-ஐ மைய தூரம் என்று போட்டான். உண்மையான மைய தூரம் 30. இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்தால் 39 வரும், அதில் துளையின் விட்டம் 9-ஐக் கழித்தால் 30. இது மூளையைக் கசக்கும் கணக்கு இல்லை. ஒரு முறை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டியிருந்தால் சாகும்வரை மறக்காது. காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் டிராயிங்கைப் பார்த்துக் கேட்டேன். “எந்த முகத்தை வைத்து இந்த அளவெல்லாம் கொடுத்திருக்கீங்க?”

“ஸ்மார்ட் டைமன்ஷன் கிளிக் பண்ணினா தானா வந்துரும் மேடம்.”

அவன் பொய் சொல்லவில்லை. எண் தானாகத்தான் வருகிறது. எந்த முகம் வண்டியின் சட்டத்தில் போய் உட்காருகிறதோ, அந்த முகத்திலிருந்துதான் துளைக்கு அளவு வைக்க வேண்டும் என்பது மட்டும் தானாக வராது. கடைசியாக, இந்தப் பாகத்துக்கு எவ்வளவு நீளத்தில் தகடு வெட்டச் சொல்வீர்கள் என்று கேட்டேன். 60-ஐயும் 40-ஐயும் கூட்டி 100 என்றான். உள் வளைவு 3 எம்எம் என்று வைத்துக்கொண்டால் விரிப்பு நீளம் (வளைப்பதற்கு முன் தட்டையாக இருக்கும் தகட்டின் நீளம்) ஏறக்குறைய 94.6 தான் வரும். 100-க்கு வெட்டிக் கொடுத்தால் வளைத்த பிறகு 5 எம்எம்முக்கு மேல் கூடுதலாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பீஸ் என்றால் கிரைண்டரில் தேய்த்துவிடலாம். ஐயாயிரம் பீஸ் என்றால் அத்தனையும் ஸ்கிராப்.

வெளியே பையனின் அம்மா உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்தவர். அவனுக்குக் கட்டிய கட்டணம் 42 ஆயிரம் என்றும், அதில் பாதி மகளிர் குழுக் கடன் என்றும் அவர்தான் சொன்னார். “எதாச்சும் பாத்துப் பண்ணுங்கம்மா” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறென்ன செய்ய முடியும்?

இந்தப் பையன் சோம்பேறி இல்லை. மண்டையில் ஏறாதவனும் இல்லை. மூன்று மாதமும் தவறாமல் வகுப்புக்குப் போயிருக்கிறான். அவனுக்குக் கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பாகத்தைக் கையில் கொடுக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, இப்போது அது கணினித் திரைக்கு வந்திருக்கிறது.

இது எனக்கும் நடந்தது. 2007-ல் டிப்ளமோ முடித்தேன். எங்கள் ஊரிலிருந்து மெக்கானிக்கல் எடுத்த முதல் பெண் நான்தான். பெங்களூரில் ஒரு பயிற்சி மையத்தில் “வேலை உறுதி” என்று போர்டு பார்த்து, அம்மாவின் தோட்டை அடகு வைத்து 22 ஆயிரம் கட்டினோம். ஒரு கணினிக்கு மூன்று பேர். சொல்லிக் கொடுத்தவர் எங்களைவிட ஒரு வருடம் முன்னால் அதே மையத்தில் படித்தவர். புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து அதே மாதிரி வரைய வேண்டும், வரைந்தால் டிக் போடுவார். சான்றிதழ் வந்தது. எட்டு மாதம் வேலை வரவில்லை. கடைசியில் ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் உதவியாளாகச் சேர்ந்தேன்.

அங்கேதான் படித்தேன். அங்கே இருந்த சீனியர் டிசைனர், டிராஃப்டிங் போர்டும் டி-ஸ்கொயரும் இருந்த காலத்திலிருந்து வந்தவர். ஆறு வாரம் என்னைக் கணினிப் பக்கம் விடவில்லை. காலையில் வந்ததும் ஒரு டிரே நிறையப் பாகங்களைக் கொண்டு வந்து வைப்பார். அளக்க வேண்டும், நோட்டில் கையால் வரைய வேண்டும். சாயங்காலம் என் நோட்டை மெஷின் ஆபரேட்டர் அண்ணன் ஒருவரிடம் கொடுத்து, “இதை வச்சு நீ செஞ்சுருவியா?” என்று கேட்பார். அந்த அண்ணன் எதையெல்லாம் கேட்கிறாரோ, அதெல்லாம் நான் டிராயிங்கில் விட்டது.

அப்படிப் பழகியும் முதல் வருடத்திலேயே ஒரு தப்புச் செய்தேன். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரின் டிராயிங். அவர்கள் தேர்ட் ஆங்கிளில் போடுவார்கள், நாம் கல்லூரியில் படிப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். ஒரு பொருளின் பக்கங்களைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்பதற்கான இரண்டு முறைகள் இவை. மூலையில் இருந்த சின்னக் குறியைக் கவனிக்காமல் படித்துவிட்டேன். இடது பக்கம் மடங்க வேண்டியது வலது பக்கம் மடங்கி அறுபது பீஸ் வந்தது. அன்று இரவு அந்த சீனியர் ஒரு தீப்பெட்டியை எடுத்து, ஆறு பக்கத்துக்கும் எண் எழுதி, காகிதத்தின் மேல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டி உருட்டிக் காட்டினார். இன்று வரை புதுப் பிள்ளைகளுக்கு நான் தீப்பெட்டியை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

சரி, உங்களிடம் நான் கேட்க வந்தது இதுதான். நம் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு தீவிர டிசைன் பயிற்சி வேண்டும். எட்டு வாரம், முழு நாள் வகுப்பு, நம் ஊரிலேயே. அது கணினியில் தொடங்கக் கூடாது. வெர்னியரில் தொடங்க வேண்டும்.

இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அந்தப் பக்கம் போய்விட்டது. 1970-களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து வளர்ந்த ஊர் அது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று தொடங்கி இப்போது மின்ஸ்கூட்டர் செய்யும் ஏதர் வரை வந்திருக்கிறது. போச்சம்பள்ளியில் ஓலா மின்ஸ்கூட்டர், கிருஷ்ணகிரி பக்கம் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் என்று புதிதாக வந்தவையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். ஒவ்வொரு பெரிய தொழிற்சாலையைச் சுற்றியும் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. டிசைன் வேலை உண்மையில் இந்தச் சின்னப் பட்டறைகளில்தான் அதிகம். வேலை ஒரு மாவட்டத்தில், வேலை தேடும் பிள்ளைகளில் பெரும் பங்கு இன்னொரு மாவட்டத்தில். கோப்புகளில் எல்லைக்கோடு இருக்கலாம். தருமபுரி நான்கு ரோட்டில் ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு கோடு இல்லை.

இடத்துக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. பர்கூரில் 1994-லிருந்து அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தருமபுரி செட்டிக்கரையில் 2013-ல் ஒன்று வந்தது. அரசு பாலிடெக்னிக்குகளும் ஐடிஐக்களும் இருக்கின்றன. மாநிலம் முழுவதும் 71 அரசு ஐடிஐக்களை டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் புது இயந்திரங்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள். கணினி ஆய்வகமும் லேத்தும் மில்லிங் மெஷினும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடமாகப் பார்த்து, கல்லூரி விடுமுறை நாட்களில் இந்தப் பயிற்சிக்குத் திறந்துவிடுங்கள். ஒரே வளாகம் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். கணினி ஓரிடத்திலும் இயந்திரம் வேறோரிடத்திலும் இருந்தால் மறுபடியும் திரையைப் பார்த்து வரைவதில்தான் போய் நிற்கும்.

முதல் பத்து நாள் கணினியே வேண்டாம். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், சர்ஃபேஸ் பிளேட் போன்ற அளக்கும் சாதனங்கள் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு வெர்னியர். மூன்று பேருக்கு ஒன்று என்று தயவுசெய்து சிக்கனம் பார்க்க வேண்டாம். பழைய பாகங்களை அளந்து, சதுரக் கட்டம் போட்ட நோட்டில் கையால் வரையட்டும். தீப்பெட்டியை உருட்டட்டும். ஒரு பாகம் எங்கே போய் உட்காருகிறது, எதோடு உரசுகிறது, எந்த முகம் முக்கியம், எந்த முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று வாய் திறந்து சொல்லட்டும். பிள்ளைகள் பேசப் பயப்படுவார்கள். எட்டு வாரத்துக்கும் வகுப்பு தமிழில் நடக்கட்டும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கன்னடத்திலோ தெலுங்கிலோ நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தால் அதையும் சொல்லட்டும். டேட்டம் (அளவைத் தொடங்கும் முகம்), டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்), ரன்அவுட் (சுழலும்போது வரும் ஆட்டம்) போன்ற சொற்களை எல்லாப் பட்டறையிலும் அப்படியேதான் சொல்கிறோம், அவை அப்படியே இருக்கட்டும். விளக்கம்தான் புரியும் மொழியில் வேண்டும்.

அளவுக்கு அப்புறம் ஃபிட், அதாவது ஒரு பாகம் இன்னொன்றுக்குள் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பது. இதை விட்டுவிட்டு டிசைன் என்று ஒன்று கிடையாது என்பது என் அனுபவம். டிராயிங்கில் துளைக்கும் 20 எம்எம், அதில் போகும் ஷாஃப்டுக்கும் (உருளைத் தண்டு) 20 எம்எம் என்று போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். துளைக்கு எச்7 என்ற டாலரன்ஸ் குறியைப் போட்டால் அது 20.000-க்கும் 20.021-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஷாஃப்டுக்கு ஜி6 என்றால் 19.980-க்கும் 19.993-க்கும் நடுவில். அப்படியானால் இரண்டுக்கும் இடையில் குறைந்தது 7 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது எம்எம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதிகபட்சம் 41 மைக்ரான் இடைவெளி. தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன் இருக்கும். அதைவிடக் குறைந்த இடைவெளியில்தான் ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது அல்லது மாட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த எண்களைப் பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக மூன்று ஷாஃப்டைச் செய்து, ஒரே புஷ்ஷில் (ஷாஃப்ட் நுழையும் வளையம்) ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று லொடலொடவென்று ஆடும், ஒன்று எண்ணெய் தடவியது போல இறங்கும், ஒன்று சுத்தியல் கேட்கும். அதற்கு அப்புறம் எச்7 என்பது விரல் நுனியில் இருக்கும்.

மூன்றாவது வாரம் கணினிக்கு வரலாம். சாஃப்ட்வேர் ஒன்றே ஒன்று போதும். ஐந்து சாஃப்ட்வேரை மேலோட்டமாகக் காட்டுவதில் யாருக்கும் பயனில்லை. ஒன்றில் ஆழமாகப் பழகியவர் இன்னொன்றுக்கு மாற எங்கள் பட்டறையில் இரண்டு மூன்று வாரம்தான் எடுத்திருக்கிறது. ஸ்கெட்ச் போட்டால் அது முழுதாகக் கட்டுப்பட்டிருக்க வேண்டும், அதாவது எந்தக் கோடும் அளவு இல்லாமல் தன்னிஷ்டத்துக்கு நகரக் கூடாது. சாலிட்வொர்க்ஸில் நீலமாக இருக்கும் கோடு கறுப்பாகும் வரை விடக் கூடாது. பிறகு ஒரு அளவை மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நீளத்தை 60-லிருந்து 75 ஆக்கினால் மாடல் கலைந்து சிதறுகிறதா, ஒழுங்காக நீள்கிறதா? சிதறினால் முதலிலிருந்து செய்ய வேண்டும். வேலையில் அளவு மாறாத நாளே கிடையாது. வாடிக்கையாளர் மாலை ஐந்து மணிக்கு ரிவிஷன் அனுப்புவார். அதைத் தாங்குகிற மாடல் போடத் தெரிந்தவரைத்தான் நாங்கள் தேடுகிறோம். மற்றபடி அசெம்பிளி, தகட்டு வேலை, பிளாஸ்டிக் பாகத்துக்கு டிராஃப்ட் கோணம் (அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்கான சரிவு), பாகப் பட்டியல், இவையெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

சாஃப்ட்வேர் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளின் லேப்டாப்பில் பெரும்பாலும் திருட்டுப் பதிப்புதான் இருக்கிறது. மையத்தில் கொடுத்தது என்கிறார்கள். அதோடு ஒரு கம்பெனிக்குள் வந்தால் கம்பெனிக்கே சிக்கல். மாணவர்களுக்கு ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. ஃப்ரீகேட் என்ற டிசைன் சாஃப்ட்வேர் முழுக்க இலவசம், 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்துவிட்டது. அரசு நடத்தும் பயிற்சியில் நேர்மையான உரிமத்தோடு தொடங்கினால் பிள்ளைகளுக்கும் அது பழக்கமாகும்.

இந்த மடலில் நான் மிக முக்கியமாக நினைப்பது கடைசித் தேர்வு. கொள்குறி வினா வேண்டாம். திரையில் பார்த்து வரைகிற தேர்வும் வேண்டாம். ஒவ்வொருவர் கையிலும் தேய்ந்துபோன ஒரு பழைய பாகத்தைக் கொடுங்கள். ஒரு நாள் முழுக்க நேரம். அளந்து, தேய்மானம் எவ்வளவு என்று யோசித்து, முதலில் என்ன அளவில் இருந்திருக்கும் என்று முடிவு செய்து, மாடல் போட்டு, டிராயிங் எடுத்துக் கொடுக்க வேண்டும். வெர்னியரில் 24.87 என்று காட்டினால் அது 25-ஆக இருந்து தேய்ந்ததா, வேறு அளவா என்று சொல்லத் தெரிய வேண்டும். மறுநாள் அந்த டிராயிங்கை, வரைந்தவர் யார் என்று தெரியாத ஒரு லேத் அண்ணனிடமோ மில்லிங் அண்ணனிடமோ கொடுங்கள். அவர் யாருக்கும் போன் போடாமல், ஒரு சந்தேகமும் கேட்காமல் பாகத்தைச் செய்து முடித்து, அது போய்ப் பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்திவிட்டால் அந்தப் பிள்ளை பாஸ். சான்றிதழில் அந்த டிராயிங்கையும் செய்த பாகத்தின் படத்தையும் அச்சிட்டுக் கொடுங்கள். சனிக்கிழமை மதியம் என் மேசைக்கு அப்படி ஒரு சான்றிதழ் வந்தால் பத்து நிமிடத்தில் நான் முடிவு சொல்லிவிடுவேன். என்னைப் போல ஆள் எடுக்கிறவர்கள் ஓசூரில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

தேய்ந்த பாகத்துக்கு எங்கே போவது என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் மாம்பழக் கூழ் ஆலைகள் இருக்கின்றன. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக இறங்குகிற சீசனில் ஒரு ஷாஃப்ட் முறிந்தால் ஆலை நிற்கும், வாசலில் வண்டிகள் வெயிலில் நிற்கும், காய் கனிந்து வழியும். முறிந்த ஷாஃப்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு லேத் கடைக்கு ஓடுவார்கள். டிராயிங் இருக்காது. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துக் கண்ணாலேயே பார்த்துக் கடைந்து தருகிற கடைக்காரர்கள் கிருஷ்ணகிரியிலும் காவேரிப்பட்டினத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அடுத்த வருடமும் அதே ஷாஃப்ட் முறியும்போது மறுபடியும் கண் அளவுதான். சீசன் முடிந்த பிறகு பயிற்சிப் பிள்ளைகளை நாலு பேராக ஒவ்வொரு ஆலைக்கும் அனுப்பி, அடிக்கடி முறிகிற, தேய்கிற பாகங்களை எல்லாம் அளந்து டிராயிங் போட்டுக் கொடுக்கச் சொல்லலாம். ஆலைக்கு ஒரு கோப்பு மிஞ்சும். பிள்ளைக்கு, நான் போட்ட டிராயிங்கில் ஒரு இயந்திரம் ஓடுகிறது என்கிற தைரியம் வரும். நேர்காணலில் அந்தத் தைரியம் முகத்தில் தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிசைன் வேலைக்குப் பெண்கள் நிறைய விண்ணப்பிக்கிறார்கள். நேர்காணலுக்கு வந்து சேர்கிறவர்கள் குறைவு. பெங்களூரில் போய் விடுதியில் தங்கிப் படிக்க வீட்டில் விடுவதில்லை. விட்டாலும் பயிற்சிக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு என்று எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். பென்னாகரம் பக்கத்து ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: காலை வகுப்புக்குப் போக முடியும், மாலை ஆறு மணிக்கு வகுப்பு முடிந்தால் தருமபுரியிலிருந்து ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால் வகுப்பு நேரத்தைப் பஸ் நேரத்தைப் பார்த்து வையுங்கள். பத்து மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்தால் நல்லது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஊத்தங்கரையிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வருகிறவர்களுக்கு அது முழு வழிக்கும் உதவாது. தூரத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விடுதியில் விடுமுறையில் காலியாக இருக்கும் அறைகளைக் கொடுங்கள். மதியச் சாப்பாடும் கொடுங்கள். இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டுக் காசு கேட்பதே பெரிய கூச்சம்.

சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்குமா என்ற கேள்வி வரும். கிடைப்பார்கள். ஓசூரில் ஓய்வு பெற்ற டூல் ரூம் ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முப்பது வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு வீட்டில் பேரனைப் பள்ளிக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டம் இருக்காது, சிலர் ஐடிஐ மட்டும்தான். விதிமுறையில் பட்டம் கேட்டால் அவர்களை நாம் இழந்துவிடுவோம். கல்லூரி ஆசிரியர் ஒருவரும், பட்டறையிலிருந்து வந்தவர் ஒருவரும் சேர்ந்து ஒரு வகுப்பை நடத்தட்டும்.

முதலாளிகளிடமும் நீங்கள் கேட்கலாம். 1961-ம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி 30 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் தம் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். டிகிரி, டிப்ளமோ படித்தவர்களுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. எங்களைப் போன்ற பட்டறைகளில் இது பாதி முதலாளிகளுக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்ப ஆள் இல்லை. பயிற்சியின் கடைசி வாரத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பதிவைச் செய்து கொடுத்தால், தேர்வில் பாஸான பிள்ளைகள் அன்றே அப்ரெண்டிஸாகப் போய்விடலாம்.

2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரியில் படிக்கும்போதே பாடத்தோடு சேர்த்துத் திறன் வகுப்புகள் வந்திருக்கின்றன. மனதாரப் பாராட்டுகிறேன். என் கவலை, படிப்பு முடித்து இரண்டு மூன்று வருடமாக வீட்டில் இருப்பவர்களைப் பற்றியது. அவர்களைக் கல்லூரி கணக்கில் எடுப்பதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். சிலர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார்கள், சிலர் வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்த வேலைகளில் குறையில்லை. ஆனால் நாலு வருடம் இன்ஜினியரிங் படித்த ஆசை உள்ளே அப்படியே கிடக்கிறது. முதல் அணியில் முப்பது பேர் போதும். அந்த முப்பதில் இருபது இடமாவது இப்படிக் காத்திருப்பவர்களுக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். ஒரு பாகத்தைக் கையில் கொடுத்து, இது எதற்கு என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். ஆர்வமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரூர்த் தம்பி அன்று போகும்போது, அந்த பிராக்கெட்டை எடுத்துப் போகலாமா மேடம் என்று கேட்டான். வீட்டில் வைத்து அளந்து பார்க்கிறேன் என்றான். கொடுத்து அனுப்பினேன், என் பழைய வெர்னியரையும் சேர்த்து. பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் கையால் வரைந்த டிராயிங் ஒன்று வந்தது. துளைகளின் மைய தூரம் 30 என்று சரியாகப் போட்டிருந்தான். உட்காருகிற முகத்தில் ஏ என்று டேட்டம் குறியும் இருந்தது. தகட்டு நீளம் மட்டும் இன்னும் 100 என்றே இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும், ஆனால் போனில் முடியாது. தகட்டை வெட்டி, அவன் கண் முன்னால் வளைத்துக் காட்ட வேண்டும்.

நீங்கள் இடத்தையும் தேதியையும் சொல்லுங்கள். எட்டு வாரமும் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். எங்கள் முதலாளியிடம் பேசிவிட்டேன். ஸ்கிராப்பில் கிடக்கும் பாகங்களில் ஒரு மூட்டை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓசூர் டூல் ரூம் ஒன்றில் வேலை பார்க்கும்
பாலக்கோட்டுப் பெண்